வீட்டு ரயில் லேஅவுட்டுக்குக் கபூஸ் சேர்ப்பது எப்படி: தொடங்குபவர்களுக்கான செய்முறை

நம் ஊர்ச் சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு அமர்ந்து வரும் பிரேக் வேனைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே இடத்தில் ஓடிய பெட்டிக்குக் கபூஸ் என்று பெயர். உள்ளே நிலக்கரி அடுப்பு, படுக்கைப் பலகைகள், ரயிலின் பொறுப்பாளரான கண்டக்டர் கணக்கெழுத ஒரு மேசை, கூரைக்கு மேலே கண்ணாடி வைத்த சிறு கூடு என அது பாதி அலுவலகமாகவும் பாதி வீடாகவும் இருந்தது. அந்தக் கூட்டில் அமர்ந்தவர், முன்னால் நீண்டு கிடக்கும் பெட்டிகளில் எங்கேனும் அச்சு சூடேறிப் புகைகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோ வழியாக எஞ்சினுக்குச் சொல்லும் சிறு கருவியை ரயிலின் வாலில் மாட்டும் வழக்கம் 1980களில் பரவியது; அதன்பின் கபூஸ்கள் பெரும்பாலான தடங்களிலிருந்து மறைந்தன. மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் மேசையில் தண்டவாளம் போட்டு அமைக்கும் லேஅவுட்டுகளிலோ அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

படி 1: அளவைத் தீர்மானியுங்கள்

அமெரிக்க மாதிரிகளில் எச்.ஓ. (1:87), என் (1:160), ஓ (1:48) ஆகிய மூன்று அளவுகள் பரவலானவை. அசலில் 36 அடி நீளமுள்ள ஒரு கபூஸ் எச்.ஓ.வில் ஏறக்குறைய 12.6 செ.மீ., என் அளவில் 7 செ.மீ., ஓவில் 23 செ.மீ. இருக்கும். ஏற்கெனவே தண்டவாளம் போட்டிருந்தால் அதன் அளவே உங்கள் அளவு, யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு எச்.ஓ.வையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அந்த அளவில்தான் தெரிவுகள் அதிகம், உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கின்றன.

படி 2: ஒரு ரயில்வே, ஒரு பத்தாண்டு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தாம் பிறகு பணத்தை வீணாக்குகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். என் முதல் கபூஸ் பளபளக்கும் சிவப்பு நிறத்தில் சான்டா ஃபே ரயில்வேயின் பெயர் தாங்கியது. என்னிடம் இருந்த எஞ்சினோ பென்சில்வேனியா ரயில்வேயைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே ரயிலில் ஓட்டி மகிழ்ந்துகொண்டிருந்தபோது, விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் சரக்குப் பெட்டிகள் ஊர் ஊராகத் திரிபவை. ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் எஞ்சின் இழுத்துச் செல்வது அன்றாட வழக்கம். ஆகவே உங்கள் ரயிலின் நடுவில் எந்த நிறுவனத்தின் பெட்டியையும் கோக்கலாம். கபூஸ் மட்டும் பிறந்த வீட்டை விட்டுப் போகாது. அது அந்த ரயில்வேயின் ஊழியர்களுக்கு உரிய பெட்டி. பழைய நாட்களில் குறிப்பிட்ட ஒரு கண்டக்டருக்கே ஒதுக்கப்பட்டிருந்ததும் உண்டு. பிற்காலத்தில் விதிவிலக்குகள் வந்தன என்றாலும், முன்னால் எஞ்சினில் இருக்கும் பெயரே பின்னால் கபூஸிலும் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பத்தாண்டும் அவ்வளவே முக்கியம். பென்சில்வேனியா ரயில்வே 1968 பிப்ரவரியில் நியூயார்க் சென்ட்ரலுடன் இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. 1976 ஏப்ரலில் அதன் தடங்கள் கான்ரெயில் என்ற நிறுவனத்துக்குச் சென்றன. நீலநிறக் கான்ரெயில் கபூஸை, அதற்கு முன்பே ஓய்ந்துவிட்ட நீராவி எஞ்சினின் பின்னால் மாட்டினால் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

படி 3: வகைகளை அடையாளம் காணுங்கள்

கூரைக் கூடு உள்ளதே பலரும் அறிந்த வடிவம். சரக்குப் பெட்டிகள் உயரமாக வளர வளரக் கூட்டிலிருந்து முன்னால் பார்ப்பது சிரமமானதால், பக்கச் சுவரிலேயே சன்னலை வெளியே தள்ளிக் கட்டிய வகையும், கூட்டையே பெட்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டிய வகையும் வந்தன. பால்டிமோர் அண்டு ஓஹாயோ ரயில்வே பக்கச் சன்னல் வகையை விரும்பிப் பயன்படுத்தியது. பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டுகளுக்கிடையே குறுகிய தூரம் ஓட, திறந்த தளத்தின் மேல் ஒரு சிறு அறையை மட்டும் வைத்த எளிய வகையும் உண்டு.

ஒரு மாதிரியைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி என்பதற்குப் பென்சில்வேனியாவின் என்5சி வகையை எடுத்துக்கொள்வோம். (அந்த நிறுவனத்தார் கபூஸ் என்று சொல்வதில்லை, கேபின் கார் என்பார்கள்.) 1942இல் அல்டூனா பணிமனையில் 200 வண்டிகள் கட்டப்பட்டன. கப்பலில் இருப்பது போன்ற வட்டச் சன்னல்களும், விளிம்பு மழுங்கிய கூரைக் கூடும் இதன் அடையாளங்கள். அசல் வண்டிகளின் எண்கள் 477820 முதல் 478019 வரை. மாதிரியின் பக்கவாட்டில் உள்ள எண் இந்த வரிசையில் அமைகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளின் கூரையில் நீளவாக்கில் ஒரு கம்பி ஓடும். அது எஞ்சினோடு பேச உதவிய ரயில்தொலைபேசியின் ஆன்டெனா.

பொம்மை நிறுவனங்கள் இவ்வளவு பார்ப்பதில்லை. லயனல் நிறுவனம் 1950களில் இதே என்5சி உடலை லீஹை வேலி, வர்ஜீனியன் ஆகிய ரயில்வேக்களின் பெயரிலும் விற்றது. அவற்றைப் பொம்மையாகச் சேர்ப்பவர்களுக்கு அது தனிச் சுவை. அசலுக்கு நெருக்கமான லேஅவுட் வேண்டுபவர்களுக்கு அது பிழை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 4: வாங்கும் முன் சோதியுங்கள்

பழைய மாதிரிகளில் முதலில் உடைவது படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும்தான். புகைக்குழாயும் பிரேக் சக்கரமும் அடுத்து. விற்பவரிடம் நான்கு பக்கப் படங்களோடு அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். உலோக வார்ப்புப் பாகங்களில் மயிரிழை வெடிப்போ உப்பலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். துத்தநாகக் கலவை உள்ளிருந்தே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதை ஒட்டிச் சரிசெய்ய இயலாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பெட்டியின் விலையைவிடத் தபால் கட்டணம் உறுத்தும் என்பதால், இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குவது நல்லது.

படி 5: ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

அலமாரியில் அழகாக நின்ற கபூஸ் தண்டவாளத்தில் ஏறியதும் தடம்புரண்டால், பெரும்பாலும் குற்றம் சக்கரம், கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி), எடை ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும்.

பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றுங்கள். அழுக்கு குறைவாகப் படியும். பிறகு அடியிலுள்ள இரண்டு போகிகளின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களின்) திருகுகளைக் கவனியுங்கள். ஒன்றைப் போகி இடவலமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் விட்டு இறுக்கி, மற்றதைச் சற்றுத் தளர்த்தி மெல்ல ஆடும்படி விட வேண்டும். இரண்டையும் இறுக்கினால், நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத் தரையில் ஆடுவதைப் போல ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

பழைய பெட்டிகளில் கொக்கி போன்ற பிளாஸ்டிக் கப்ளர் இருந்தால், கேடீ நிறுவனத்தின் எண் 5 போன்ற உலோகக் கப்ளரைப் பொருத்துங்கள். உயரத்தைச் சரிபார்க்க அதே நிறுவனத்தின் அளவுகோல் கிடைக்கிறது. கப்ளரின் கீழே வளைந்து தொங்கும் கம்பி தாழ்ந்திருந்தால், தடம் பிரியும் பாயிண்ட்டுகளில் மாட்டிக்கொள்ளும். இடுக்கியால் ஒரு நூல் அளவு மேலே வளைத்துவிட்டால் போதும்.

எடைக்கு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஒரு கணக்குத் தருகிறது: எச்.ஓ. அளவில் அடிப்படையாக 1 அவுன்ஸ், அதன்மேல் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 11 செ.மீ. நீளமுள்ள கபூஸுக்கு இது ஏறக்குறைய 90 கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, குறைவதை உட்தளத்தின் நடுவில் இரும்பு வாஷர்களை ஒட்டி ஈடுசெய்யலாம்.

படி 6: விளக்கு

இது கட்டாயமல்ல, ஆனால் அறையை இருட்டாக்கி ஓட்டிப் பார்த்தவர்கள் விளக்கில்லாக் கபூஸை மீண்டும் விரும்புவதில்லை. ஒரு போகி இடப்பக்கத் தண்டவாளத்திலிருந்தும் மற்றது வலப்பக்கத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி கம்பி இழுத்து, மின்சாரத்தை எப்போதும் ஒரே திசையில் செலுத்தும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக எல்.இ.டி.க்குக் கொடுங்கள்; திசை மாறினாலும் விளக்கு எரியும். 25 வோல்ட் தாங்கும் 220 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமிக்கும் பாகம்) ஒன்றைச் சேர்த்தால் தண்டவாள அழுக்கினால் வரும் துடிப்பு குறையும். எல்.இ.டி.க்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை 1 கிலோ ஓம் வைத்தால் கல்யாண மண்டபம் போல் ஒளிரும். அசலில் எரிந்தது எண்ணெய் விளக்கு என்பதால், 10 கிலோ ஓம் வைத்து மஞ்சள் கலந்த எல்.இ.டி.யை மங்கலாக எரியவிடுங்கள். பின்பக்க மூலைகளில் உள்ள இரு அடையாள விளக்குகளும் பின்னோக்கிச் சிவப்பாகத் தெரிய வேண்டும்.

படி 7: குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் ரயில்வே, எண், வகை, தயாரித்த நிறுவனம், வாங்கிய நாள், விலை, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். கழற்றிய பழைய கப்ளரையும் சக்கரங்களையும் சிறு பையில் போட்டு அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.