பட்டி கலைந்த பிறகு: மேய்ச்சல்காரர்களின் தடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தை மாதம் கேழ்வரகு அறுத்த எங்கள் கொல்லையில் ஆட்டுப்பட்டி போட்டார்கள். கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டி, ஆந்திரத்தின் குப்பம் பக்கம் எங்கள் ஊர். இருநூறு ஆடு இருக்கும். படலை வளைத்து ஊன்றி இரவெல்லாம் அடைத்தார்கள், பத்து நாளில் கிளம்பிவிட்டார்கள். சித்திரையில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அந்த இடத்தில் குனிந்து தேடிப் பார்த்தேன். கரி பிடித்த மூன்று அடுப்புக்கல், படல் குச்சி ஊன்றிய சிறு குழிகள், மண்ணோடு மண்ணாகிப்போன புழுக்கை. ஆடியில் டிராக்டர் ஓடியதும் அதுவும் போயிற்று. பிறகு விதைத்த கேழ்வரகு அந்த வட்டத்தில் மட்டும் கருகருவென்று எழுந்தது. ஒரு குடும்பமும் இருநூறு ஆடும் தங்கியதற்கு நிலத்தில் நின்ற சாட்சி அந்தப் பச்சை ஒன்றுதான்.

பழம்பொருள் தேடி ஊர் ஊராக அலையும் நண்பர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். செங்கல் இல்லை, பானை ஓட்டுக் குவியல் இல்லை என்றால் "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். நிலைத்து வாழ்ந்தவன் விட்டுப்போவதை, நகர்ந்து வாழ்ந்தவனிடமும் எதிர்பார்க்கிறோம். பட்டி இருந்த மண்ணில் பாஸ்பேட் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். சாணத்தில் இருந்த புல்லின் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துணுக்குகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். இடம் சந்தேகமாக இருந்தால் அங்கே கிடைக்கும் சான்றே மண்தான். அதை அள்ளி வீசிவிட்டு ஓடு தேடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கண்ணெதிரே மலைபோல் நிற்பதை வேறு எதுவோ என்று நினைப்பது. வட கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் ஆந்திரத்தின் அனந்தபூர் பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை வாலியை எரித்த சாம்பல் என்றே ஊர்மக்கள் சொல்கிறார்கள். எரிமலை என்றும், இரும்பு உருக்கிய கழிவு என்றும், மனிதர்களை மொத்தமாக எரித்த இடம் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இது எரிந்த மாட்டுச் சாணம் என்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சொல்லியிருந்தார். தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் 1957-இல் உட்னூரில் தோண்டியபோது வாதம் முடிந்தது. அன்று ஆந்திரத்தில் இருந்த அந்த ஊர் இன்று தெலங்கானாவில் இருக்கிறது. அடுக்கடுக்கான சாம்பல், வேலிக்கம்பம் நட்ட குழிகள், அவற்றுக்கு நடுவே மிதிபட்டு இறுகிய தரையில் மாட்டுக் குளம்புத் தடங்கள். நாலாயிரம் ஆண்டுக்கும் முன் மாடு மிதித்த தடம் அப்படியே இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஏன் எரித்தார்கள் என்பதில்தான் அவசரம் கூடாது. பருவம் மாறும்போது மாட்டுக்காக மூட்டும் நெருப்போடு ஆல்ச்சின் இதைச் சேர்த்துப் பார்த்தார். உண்ணி, நோய் ஒழிக்க எரித்திருக்கலாம் என்பாரும் உண்டு. நமக்கு உடனே மாட்டுப்பொங்கல் நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் நினைவுக்கு வருவதைச் சான்று என்று எழுதிவிடக் கூடாது.

மேய்ப்பவன் வேறு, உழுபவன் வேறு என்று கோடு போட்டுப் பிரிப்பதும் பழைய பழக்கம். சாம்பல் மேட்டுக்காரர்களின் காலத்து மண்ணைச் சலித்துப் பார்த்தபோது சிறுதானியமும் கொள்ளும் பச்சைப்பயறும் கரியாகக் கிடைத்தன. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியை 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அங்கும் தானியமும் வழவழப்பான கற்கோடரியும் சேர்ந்தே வந்தன. ஒரே குடும்பத்தில் ஒருவர் மாட்டோடு போக, இன்னொருவர் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி நடுகல். எங்கள் பக்கம் நடுகல் பார்க்காமல் ஒரு நாள் பயணம் போக முடியாது. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், சில இடத்தில் வீட்டுப் படிக்கல்லாக. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். தொறு கவர்ந்தபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று படித்ததும் "மாட்டுத் திருடனோடு சண்டை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல்லை நிதானமாகப் படியுங்கள். முதலில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. அடுத்து வாணர் குலத் தலைவன். அவனுக்கு உறவான பொற்றொக்கையார். அவருடைய வீரன் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கும் சண்டையில் அவன் இறந்தான். பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது, அதற்கும் பெயர் உண்டு: கோவிவன். இரு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். அரசனிலிருந்து நாய்வரை யார் யாரைச் சேர்ந்தவர் என்ற சங்கிலி முழுவதும் ஒரே கல்லில் இருக்கிறது. மந்தைக்காரர்களின் உறவு வலை எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. வீரனின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புகிறவர் அதில் பாதியைத் தொலைத்துவிடுகிறார்.

கல்லைப் படிக்க மாவும் சுண்ணாம்பும் தேய்க்காதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது போய் நில்லுங்கள், எழுத்து தானாக எழுந்து வரும். இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கால்வாய் வேலைக்கு வந்தவர்கள் ஒரு கல்லைத் தூக்கிக் கரையோரம் போட்டுவிட்டார்கள். கல் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த வழியைப் பார்த்து நின்றது, எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய மாநில எல்லையை வைத்துக்கொண்டு "தமிழ் நடுகல்", "ஆந்திர நடுகல்" என்று நிறம் பூசாதீர்கள். எங்கள் சித்தூர் மாவட்டம் உருவானதே 1911-இல். திருத்தணி 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போனது. மழையும் புல்லும் போன வழியில்தான் மந்தை போயிருக்கும்.

அதேபோல் ஒரே மாதிரிப் பானை இரண்டு ஊரில் கிடைத்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து "தொடர்பு" என்று எழுதுகிறார்கள். பானை கல்யாணமாகிப் போன பெண்ணோடு போகலாம், சந்தையில் கைமாறலாம், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்திருக்கலாம். நாம் தேடிய ஊர்களில் மட்டுமே புள்ளி இருக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். மாட்டுப் பல் இதைவிட நேர்மையான சாட்சி. கன்றுப் பருவத்தில் பல் வளரும்போது, மேய்ந்த நிலத்துப் பாறையின் ஸ்ட்ரான்சியம் (பாறைக்குப் பாறை தன்மை மாறும் ஒரு தனிமம்) புல் வழியாகப் பல்லின் எனாமலில் சேர்கிறது. பல்லை மேலிருந்து கீழாகச் சிறுசிறு துகளாகச் சுரண்டி அளந்தால், அந்த மாதங்களில் மாடு இடம் மாறியதா என்று தெரியும். ஆனால் போன இடமும் வந்த இடமும் ஒரே வகைப் பாறையாக இருந்தால் பல் ஒன்றும் சொல்லாது. அதை "நகரவே இல்லை" என்று படித்துவிடக் கூடாது.

எனக்கே வரப் பார்த்த தவறு ஒன்று உண்டு. பட்டி போட வந்த, ஆடு மேய்க்கும் குறும்பர் சமூகத்துப் பெரியவரைப் பார்த்ததும், சாம்பல் மேட்டுக்காரர்களே எதிரில் நிற்பதுபோல் தோன்றியது. அது சரியல்ல. அந்த மேடுகளில் மாட்டு எலும்புதான் மிகுதி, இவரிடம் இருப்பது ஆடு. செல்போனில் மழை விசாரிக்கிறார், குட்டிகளை டெம்போவில் ஏற்றுகிறார். நம்மைப்போலவே இந்தக் காலத்து மனிதர். அவரிடம் கேட்க வேண்டியது முன்னோர் கதை அல்ல, தொழில் நடக்கிற விதம். கிளம்பும் அன்று, "ஏன் தாத்தா, இத்தனை கொல்லை இருக்க எங்க கொல்லைக்கே வர்றீங்க?" என்று கேட்டேன்.

"உங்க தாத்தன் பஞ்சத்துல எங்கப்பனுக்கு ஒரு மூட்டை ராகி குடுத்தாரு கண்ணு. அன்னைலருந்து இங்கதான் மொதப் பட்டி. அடுத்தது வி.கோட்டா. எந் தங்கச்சியக் குடுத்த ஊரு. அங்க ஆட்டுக்குத் தண்ணி காட்ட யாரையும் கேக்க வேணாம்."

பட்டி இருந்த இடத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். மூன்று அடுப்புக்கல்லுக்குப் பக்கத்தில் ராகி மூட்டையையும் தங்கச்சியின் ஊரையும் எழுதியிருக்கிறேன்.