பஸ்ஸுக்குத் தனிப்பாதை: லாபமா நஷ்டமா, கணக்குப் போடுவது எப்படி

பெங்களூரு அல்சூர் டீக்கடையில், சாலையில் ஒரு பகுதியை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கும் பேச்சு வந்தாலே, "கார்க்காரன் என்ன பாவம் செய்தான்?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். சரி, கணக்கையே போடுவோம்.

முதல் வேலை, எண்ண வேண்டியது வண்டிகளை அல்ல, ஆட்களை. வெளிவட்டச் சாலையில் காலை நேரம் நின்று எண்ணுங்கள். மணிக்கு 100 பஸ், ஒன்றில் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம், 5,000 பேர். ஆளுக்கு 6 நிமிடம் மிச்சமானால் 500 மணி நேரம். அதே சாலையில் 1,500 கார், காருக்கு ஒன்றரை ஆள், ஒவ்வொருவருக்கும் 4 நிமிடம் கூடுதல் தாமதம் என்றால் 150 மணி நேரம் நஷ்டம். மீதி 350. அதை ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பால் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு வரும். பஸ் 20 மட்டும் என்றால் விடை தலைகீழ்!

செலவில் கான்கிரீட்டோடு நிறுத்தாதீர்கள். கூடுதல் பஸ், சிக்னல் மாற்றம், பாதையில் புகும் பைக்குகளைத் தடுக்க ஆட்கள், நடுரோட்டு நிறுத்தத்துக்கு மக்கள் பத்திரமாகக் கடக்க வழி, எல்லாம் சேரும். டிக்கெட் பணம், ஊர் முழுவதுக்கும் சேர்த்துப் போடும் கணக்கில் லாபமல்ல, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதுதான். பயண நேரம் குறைவதால் அந்தப் பக்கம் ஏறும் வீட்டு விலையையும் சேர்த்தால் அதே நேர மிச்சத்தை இருமுறை எண்ணியதாகும்.

அப்புறம், பாதை நீடிக்குமா என்றும் பாருங்கள். டெல்லியில் 2008இல் திறந்த பஸ் தனிப்பாதையை 2016இல் இடித்தார்கள். முப்பது வருட லாபத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல், எட்டு வருடத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு வையுங்கள்.