இறுக்கிப் பழகிய கைகளுக்கு ஒரு பின்னல் பாடம்

காசிமேட்டில் வலையைச் சீர்செய்யும் அண்ணன்மார், ஒயர் கூடை போடும் அக்காமார், வாசலில் பூக்கட்டும் ஆயா என வடசென்னையில் விரல் வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. இந்த மூன்றிலும் இறுக்கினால்தான் வேலை உறுதியாக நிற்கும். இரண்டு நீள ஊசிகளால் நூலைப் பின்னும் ஊசிப் பின்னலில் (knitting) முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள், அதாவது நூல் வளையத்துக்குள், இன்னொரு கண்ணி புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். கூடை போட்டுப் பழகிய என் கை நூலை இறுக்கிக்கொண்டே இருந்ததால் முதல் வாரம் முழுக்க ஊசி கண்ணிக்குள் நுழையவில்லை. பெரம்பூரில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலோ இந்திய ஆன்டி என் பின்னலை வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணி ஊசியில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், கண்ணு" என்றார். இன்றும் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குகிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் வேண்டாம். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஒன்று பின்னுவோம். அதற்குப் பருத்தி நூல்தான் வேண்டும். கடைகளில் 'உல்லன்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சூடு பட்டால் உருகிவிடும். நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில் 100 கிராம் போதும். அடர் நிறத்தில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. ஊசி 4 மில்லிமீட்டர். பழைய எண் முறையில் அது 8. அந்த முறையில் எண் கூடினால் ஊசி மெலிதாகும், ஏமாந்துவிடாதீர்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். உலோக ஊசியில் கண்ணிகள் எளிதில் நழுவிவிடும், மூங்கிலில் அப்படி நழுவாது.

கண்ணி ஏற்றுதல்

நூல் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுதான் முதல் கண்ணி. வலது ஊசியை அதற்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை வலது ஊசி முனையின் பின்புறமாகச் சுற்றி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவாருங்கள். அந்த நூலை ஊசி முனையால் கண்ணி வழியாக வெளியே இழுத்தால் புதிய வளையம் ஒன்று கிடைக்கும். அதையும் இடது ஊசியில் மாட்டுங்கள். இப்படியே 30 கண்ணிகள். அகலம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரும்.

நேர்ப் பின்னல்

அசைவு அதேதான், ஒரே ஒரு மாற்றம்: புதிய வளையம் வலது ஊசியிலேயே இருக்கட்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். நுழை, சுற்று, இழு, கழற்று. 30 கண்ணிகளும் வலப்பக்கம் வந்ததும் ஊசிகளைக் கை மாற்றி அடுத்த வரிசையைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். இதைச் சோம்பலில் விட்டதால் என் முதல் துணி விசிறிபோல் விரிந்துகொண்டே போனது. 31 வந்தால், வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலே ஏறிக் கிடந்திருக்கலாம். அப்போது முதல் கண்ணி இரண்டாகத் தெரியும். நூலைக் கீழே இழுத்துவிட்டுத் தொடங்கினால் சரியாகிவிடும். 29 வந்தால் ஒன்று நழுவியிருக்கிறது. பதறி இழுக்காதீர்கள், இழுத்தால் கண்ணி இன்னும் கீழே இறங்கும். குரோஷா ஊசியால் (முனையில் கொக்கியுள்ள ஊசி) அதைப் பிடித்து வரிசை வரிசையாக மேலே ஏற்றலாம்.

உள்ளங்கை வியர்த்தால் நூல் விரலில் ஒட்டி, தானாகவே இறுகும். பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். துணியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு வரும்வரை பின்னுங்கள்.

முடித்தல்

இரண்டு கண்ணிகள் பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டவிட்டு ஊசியிலிருந்து இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடியும் தாண்டவிடுங்கள். ஒரே ஒரு கண்ணி மிஞ்சும்வரை இப்படியே. இங்கேதான் கை மீண்டும் இறுக்கும். ஓரம் சுருங்கினால் இந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து, இன்னும் தளர்வாகப் போடுங்கள். கடைசிக் கண்ணிக்குள் நூலை வெட்டி நுழைத்து இழுங்கள். துணியை இரண்டாக மடித்து, பெரிய காதுள்ள ஊசியால் ஓரங்களைத் தைத்து, நூல் நுனிகளை உள்ளே ஒளியுங்கள்.

பிடிதுணி ஈரமாக இருக்கும்போது மட்டும் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள். சூடு உடனே கைக்கு வந்துவிடும்.