ஒரு துணிப்பை, பத்துக் கான்கர்: நர்சரி, ரிசெப்ஷன் பிள்ளைகளுக்கு இலையுதிர்காலச் செய்முறைகள்

இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை பூங்காவில் உதிர்ந்து கிடப்பதே மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது நர்சரிக்கும் அடுத்து வரும் ரிசெப்ஷனுக்கும் (பள்ளியின் தொடக்க ஆண்டு, நான்கு-ஐந்து வயது), போதுமான பாடப்பொருள். பயிற்சித்தாள் வாங்க வேண்டாம். அச்சிட்ட இலைக்கு வண்ணம் தீட்டும் பிள்ளைக்கு இலையின் ஈரமும் வாசனையும் தெரியாமலே போய்விடும்.

பொறுக்கும்போது

மழை பெய்யாத நாளில் துணிப்பையோடு போங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும். அன்றே விழுந்த, இன்னும் வளையும் இலைகள் பத்து, கான்கர் பத்து, சிக்கமோர் மரத்தின் சிறகுள்ள விதைகள் ஆறு போதும். கிளையிலிருந்து பறிக்காமல், தரையில் கிடப்பதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

கான்கர் என்பது ஹார்ஸ் செஸ்நட் மரத்தின் கொட்டை. தின்றால் நஞ்சு. உண்ணக்கூடிய ஸ்வீட் செஸ்நட்டும் இதே பருவத்தில்தான் விழும். அதன் ஓடு முழுக்க ஊசிபோன்ற முள் அடர்ந்திருக்கும், கொட்டையின் ஒரு முனை கூராக இருக்கும். கான்கர் ஓட்டில் முள் குட்டை, இடைவெளியும் அதிகம். ஆனால் இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள். அவர்களுக்கு ஒரே விதி, எதையும் வாயில் வைக்கக் கூடாது. காளானையும் யூ மரத்தின் சிவப்புப் பழத்தையும் தொடவே வேண்டாம். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை இருந்தால் கான்கரை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும். திரும்பி வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இலைப் படி எடுத்தல்

1. இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். தடித்த காம்பைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் அங்கேதான் கிழியும்.
2. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி இலையை மேசையில் வையுங்கள். மேலே சாதாரண ஏ4 தாள். தாளின் நான்கு மூலையையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள்.
3. தடித்த மெழுகுக் கிரேயானின் காகித உறையை உரித்து, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

முதல் முயற்சி பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும். காரணம் மூன்றில் ஒன்று: இலை தலைகீழாக இருக்கிறது, தாள் தடிமன் அதிகம், அல்லது பிள்ளை கிரேயான் முனையால் வரைகிறது. நர்சரி வயதில் மூன்றாவதுதான் அதிகம். நீளமான கிரேயானை இரண்டாக உடைத்துக் குட்டைத் துண்டைக் கொடுங்கள். பேனாபோலப் பிடிக்க முடியாததால் விரல்கள் தாமாகவே அதைப் படுக்கவைக்கும். இலை நழுவினால் அடியில் சிறு டேப் சுருள் ஒன்று வைக்கலாம். மொறுமொறுவென்று காய்ந்த இலை தேய்க்கும்போதே நொறுங்கிவிடும், அதை எடுக்காதீர்கள்.

முட்டைப் பெட்டியில் எண்ணுதல்

கறைபடாத, பத்துக் குழி கொண்ட முட்டைப் பெட்டி ஒன்று எடுங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை இருப்பதால் எண் கற்பிக்க இதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது.

நர்சரிப் பிள்ளைக்கு ஒரே வரிசை, ஐந்தே கான்கர். விரலால் சுட்டி எண்ணவிட்டால் வாய் ஒரு வேகத்திலும் விரல் இன்னொரு வேகத்திலும் ஓடும். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்தபடியே எண்ணட்டும். வைத்து முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். திருத்த வேண்டாம், “அஞ்சு. மொத்தம் அஞ்சு” என்று நீங்கள் சொல்லிக்காட்டி, மறுநாள் மீண்டும் செய்யுங்கள்.

ரிசெப்ஷன் பிள்ளைக்கு மூடியைச் சாத்திவிட்டு, இரண்டு நொடி திறந்து காட்டி மூடுங்கள். ஐந்து வரையிலான எண்ணிக்கையை எண்ணாமலே பார்த்துச் சொல்வது, 2021இல் திருத்தப்பட்ட இங்கிலாந்தின் ஆரம்பக் கல்விச் சட்டகத்தில் ரிசெப்ஷன் முடிவுக்கான இலக்குகளில் ஒன்று. அது வசப்பட்டபின் ஏழு வையுங்கள்: ஒரு வரிசை நிறைந்தது, இன்னும் இரண்டு.

சுழலும் விதை

சிக்கமோர் விதைகள் இரட்டையாக ஒட்டியிருக்கும். பிரித்தால் ஆளுக்கொரு சிறகு. ஒன்றின் சிறகைப் பாதியாக வெட்டிவிட்டு, எது முதலில் தரையைத் தொடும் என்று விடுவதற்கு முன்பே கேளுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் சுழலத் தொடங்குமுன் தரை வந்துவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கி விட வேண்டும். ஈர விதை சரியாகச் சுழலாது, ஒரு நாள் உலர்த்துங்கள்.

இவற்றையெல்லாம் தமிழிலேயே பேசிச் செய்யுங்கள். கான்கர் வழவழ, மரப்பட்டை சொரசொர, சருகு சரசர. தொட்டதையும் கேட்டதையும் சொல்ல நம்மிடம் இவ்வளவு சொல் இருக்கும்போது ‘ஸ்மூத்’, ‘ரஃப்’ என்று இரண்டோடு நிறுத்துவது பெரிய இழப்பு. பள்ளியில் அந்தச் சொற்களை எப்படியும் கற்றுக்கொள்வார்கள்.

எண்ணி முடித்த கான்கர்களைத் திறந்த தட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை பத்தையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, எண்ணைத் தாளில் குறித்து ஒட்டுங்கள். ஒற்றைக் கான்கரை நிறுத்தால் மாற்றம் தெரியாமல் போகலாம். எண் குறைந்துகொண்டே வரும், பளபளப்பும் மங்கும். “எங்கே போச்சு?” என்று பிள்ளை கேட்கும் வரை, நீர் வற்றுவதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.