தாரகோனாவுக்கு அரைநாள் போதாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சலோனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், ஸ்பெயினின் கடலோர ஊரான தாரகோனாவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரைநாள்தான். காலை ரயிலில் வருகிறார்கள். கடலைப் பார்த்தபடி இருக்கும் ரோமானிய வட்டரங்கை வேலிக்கு வெளியே நின்றபடி படம் பிடிக்கிறார்கள். பழைய நகரில் ஒரு சுற்று சுற்றி, ஒரு காபி குடித்துவிட்டு மதியமே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஊர்மேல் பற்று அதிகம்; இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

கி.மு. 218இல் வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜுடன் நடந்த போரில் ரோமானியப் படை முகாமிட்ட இடம் இது. பிறகு ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட மாகாணத்தின் தலைநகரானது. கி.மு. 26-25 ஆண்டுகளில் பேரரசர் அகஸ்டஸ் இங்கே தங்கியிருந்தார். இந்தியத் தூதர்கள் உலகத்தையே கடந்து வந்து இந்த ஊரில்தான் அவரைச் சந்தித்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் எழுதியிருக்கிறார். அகஸ்டஸுக்குப் பரிசு அனுப்பிய இந்திய மன்னர் பாண்டியன் என்றும், வேறு சிலர் சொல்வதுபடி போரஸ் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். இரண்டு குறிப்புகளையும் ஒட்டவைத்துப் பாண்டியரைத் தாரகோனாவுக்கு அழைத்துவந்துவிடக் கூடாது. ஆனாலும் அந்த ஊரின் மதிலோரம் நடக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. ஊரின் பெயரில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ‘தாரகோனா’ என்று மட்டும் இருப்பது கடலோரத்தில், வட்டரங்கிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. ‘காம்ப் தெ தாரகோனா’ என்பது அதிவேக ரயிலுக்காக 2006இல் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வயல்வெளிக்கு நடுவே நிற்கிறது. பார்சலோனாவிலிருந்து முப்பத்தைந்து நிமிடத்தில் கொண்டுவந்து விடுகிறதே என்று அதில் ஏறினால், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் பஸ்ஸுக்கோ டாக்ஸிக்கோ காத்திருப்பதில் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் சாதாரண ரயில்தான் நல்லது. கட்டணமும் குறைவு, கடற்கரையை ஒட்டிப் போகும் வண்டியாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வழி நெடுகக் கடல் வரும். இறங்கியதும் மேடுதான். பழைய நகரம் குன்றின்மேல் இருப்பதால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறத் திட்டமிடாதீர்கள்.

அடுத்தது கிழமை. ரோமானிய இடங்களும் அருங்காட்சியகங்களும் திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்தோடு முடித்துக்கொள்வதும் வழக்கம். வார இறுதியைப் பார்சலோனாவில் கழித்துவிட்டுத் திங்களன்று இங்கே வருவதுதான் சுற்றுலாப் பயணிகளின் வழக்கமான கணக்கு. அன்று கதவில் ‘தங்கட்’ என்று ஒரு பலகை தொங்கும். கட்டலான் மொழியில் ‘மூடியிருக்கிறது’ என்று பொருள். இந்த ஊரின் சொந்த மொழி கட்டலான்தான்; அதைத் திருத்தமில்லாத ஸ்பானியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பானியம் எல்லோருக்கும் தெரியும், அதில் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கடைக்குள் நுழையும்போது ‘பொன் தியா’ என்று கட்டலானில் வணக்கம் சொன்னால் கிடைக்கும் வரவேற்பே வேறு.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறுக்கு வருகிறேன். பெரும்பாலோர் இங்கே தனித்தனி இடிபாடுகளைத் தேடுகிறார்கள். வட்டரங்கு ஒன்று, மதில் ஒன்று, கோபுரம் ஒன்று என்று பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே போகிறார்கள். தாரகோனா அப்படிப்பட்ட ஊரில்லை. இங்கே ரோமானிய நகரத்தின் மேலேயே, அதன் சுவர்களையே தாங்கலாக வைத்து, இன்றைய நகரம் குடியிருக்கிறது. நகராட்சிக் கட்டடம் நிற்கும் பிளாசா தெ லா பாண்ட் சதுக்கத்தைப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். சதுக்கத்துக்கு ஏன் இந்த வடிவம் என்று யோசிக்காமலே அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டிய தேர்ப்பந்தயத் திடலின் ஒரு பகுதி அது. சுமார் 325 மீட்டர் நீளத் திடல். குதிரைகள் ஓடிய தரையில் இன்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். பார்வையாளர் படிகளைத் தாங்கிய கல் வளைவுகள் சுற்றியுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் அப்படியே இருக்கின்றன. சில கடைகளின் பின்கட்டில் அண்ணாந்து பார்த்தால் கூரையே ரோமானிய வளைவுதான்.

இது கண்ணில் பட வேண்டுமானால் முதலில் போக வேண்டிய இடம் வட்டரங்கு இல்லை. பிளாசா தெல் பாயோல் பக்கம் உள்ள பழைய மண்டபம். ரோமானியத் தாரகோ நகரின் பெரிய மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். மேல்தட்டில் கோயில், அடுத்ததில் மாகாண மன்றம், அதற்குக் கீழே தேர்த்திடல் என்று குன்றை மூன்று தட்டாக வெட்டி அமைத்த விதம் அதைச் சுற்றி நடந்தால் பதினைந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அதன்பிறகு தெருவில் இறங்கினால், இந்தப் படிக்கட்டு ஏன் இங்கே இருக்கிறது, இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று ஊரே பதில் சொல்லத் தொடங்கும். பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகவும் கிடைக்கும். தனித்தனியாக வாங்க வேண்டாம்.

வட்டரங்கை மேலிருந்து மட்டும் பார்ப்பதும் தவறுதான். இறங்கிப் போய்த் தரையில் நில்லுங்கள். நடுவில் சிலுவை வடிவில் ஒரு சுவர் தெரியும். பலர் அதையும் ரோமானிய மேடை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கி.பி. 259இல் பிஷப் புருக்டுவோசஸையும் அவருடைய இரண்டு திருத்தொண்டர்களையும் இந்த அரங்கில் உயிரோடு எரித்தார்கள். அந்த இடத்தில் 6ஆம் நூற்றாண்டில், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் ஒரு தேவாலயம் எழுப்பினார்கள்; அதன்மேல் 12ஆம் நூற்றாண்டில் இன்னொன்று எழுந்தது. நீங்கள் பார்க்கும் சிலுவை இவற்றின் மிச்சம். கொலைக்களத்தின் நடுவிலேயே கொல்லப்பட்டவருக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். அங்கே நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலையிலேயே போய்விட வேண்டும்.

ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ரோமானியர் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய தொட்டிப்பாலத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு அடுக்கு வளைவுகளோடு, சுமார் 27 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. ஊர்மக்கள் இதைச் சாத்தானின் பாலம் என்கிறார்கள். தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள்ளேயே பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போகலாம். கீழே பைன் மரங்களின் உச்சிகள் தெரியும். நகரப் பஸ்ஸிலேயே போய்வரலாம்.

ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று எழுப்பும் மனிதக் கோபுரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்குக் ‘கஸ்டெல்’ என்று பெயர். 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆகஸ்ட் 19ஆம் தேதி வரும் புனித மாகி திருவிழாவையும் செப்டம்பர் 23ஆம் தேதி வரும் புனித தெக்லா திருவிழாவையும் ஒட்டி இங்கே பெரிய கஸ்டெல்களைப் பார்க்கலாம். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கத்தில் பழைய காளைப்போர் அரங்கில் போட்டியே நடக்கும். இதை வித்தை காட்டுவதாக நினைத்துக்கொண்டு போய் நிற்பதுதான் தவறு.

முன்கூட்டியே போய், அவர்கள் இடுப்புத் துணி சுற்றுவதைக் கவனியுங்கள். பல மீட்டர் நீளமுள்ள கருப்புத் துணியின் ஒரு முனையை ஒருவர் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெல்லச் சுழன்று சுழன்று அதைத் தம் இடுப்பில் இறுக்கிக்கொண்டே வருகிறார். முதுகுக்குத் தாங்கல் அதுதான். மேலே ஏறுகிறவர் கால்விரலை ஊன்றுவதும் அதன் மடிப்பில்தான். அடியில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குப் ‘பீன்யா’ என்று பெயர். உள்ளே இருப்பவருக்கு முன்னால் நிற்பவரின் பிடரியைத் தவிர எதுவும் தெரியாது. மேலே என்ன நடக்கிறது என்பதைக் கிராயா என்ற நாதக் குழலின் இசையை வைத்துத்தான் அவர்கள் அறிகிறார்கள். அதனால் கோபுரம் ஏறும்போது கூச்சலிடாதீர்கள், பேசாதீர்கள். முதுகில் பையோடு பீன்யாவை ஒட்டிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். கோபுரம் சரிந்தால் விழுகிறவர்களைத் தாங்கப்போவது அந்தக் கூட்டம்தான்.

உச்சியில் ஒரு குழந்தை ஏறிக் கையை உயர்த்தியதும் எல்லாம் முடிந்தது என்று கைதட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது பாதிதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொருவராகச் சரியாமல் இறங்கித் தரையைத் தொட்டால்தான் கஸ்டெல் முழுமை பெற்றதாகக் கணக்கு. கடைசி இரண்டு அடுக்கு இறங்கும்போது கீழே நிற்பவர்களின் கைகால் நடுங்கும். அவர்கள் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் நகர்வேன்.

சாப்பாட்டுக்குச் செர்ரால்யோ என்ற மீனவர் பகுதிக்குப் போங்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மதியம் ஒன்றரை மணிவாக்கில்தான் அடுப்பு பற்றவைப்பார்கள், இரவில் எட்டரைக்கு மேல்தான். பாயெல்லா என்ற அரிசி உணவு வாலென்சியாவுக்கு உரியது. இங்கே கேட்க வேண்டியது ரொமெஸ்கோ. காரமில்லாத நியோரா மிளகாயை ஊறவைத்துச் சதையைச் சுரண்டியெடுத்து, வறுத்த பாதாம், பூண்டு, தக்காளி, ஆலிவ் எண்ணெயோடு உரலில் இடித்த சாந்து அது. மீனை அதில்தான் வேகவைக்கிறார்கள். சைவ உணவுக்காரர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டாம். சாலட்டில் சூரைமீன் வந்துவிடும். மீன், பன்றித்தொடை எதுவும் கூடாது என்று பெயர் சொல்லியே கேளுங்கள். குளிர்காலத்தில் போனால் கல்சோட் என்ற நீள வெங்காயத்தைத் தீயில் கருகச் சுட்டுத் தருவார்கள்; தோலை நீங்களே உருவிச் சாந்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

குளிக்க ஊருக்குக் கீழே உள்ள மிராக்லே கடற்கரையோடு நின்றுவிடாமல் அர்ரபசாடாவுக்கோ அதைத் தாண்டி நீளக் கடற்கரைக்கோ போவது மேல்.

பேராலயத்தை உள்ளே ஒரு நடை நடந்துவிட்டு வெளியேறுகிறவர்கள் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தைத் தவறவிடுகிறார்கள். அங்கே ஒரு தூணின் தலைப்பில், எலிகள் செத்த பூனையைப் பாடையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகின்றன. அடுத்த காட்சியில் பூனை எழுந்து அவற்றைப் பிடிக்கிறது. அளவில் சிறியது, தேடாமல் கண்ணில் படாது. அங்கே இருக்கும் ஊழியரிடம் ‘ராத்தஸ்’ என்று கேட்டால் போதும், தூணைக் கை காட்டுவார்.