கணக்கேட்டின் பின்பக்கத்தில் ஒரு வண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் கிராணியாக (கணக்கராக) முப்பது ஆண்டுகள் குலைகளை எண்ணியும் எடை பார்த்தும் பழகிய எனக்கு, ஓரிரவு பேத்தி கதை கேட்டபோது ஒரு சொல்லும் வரவில்லை. சிறுவயதில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ரப்பர்க் கொட்டைகளை வைத்து ஒரு ராஜ்ஜியமே நடத்தியவன் என்பதால், அந்த மௌனம் என்னை மிகவும் உறுத்தியது.

முதலில், காலைப் பெரட்டுக்கு (வேலையாட்களின் வருகைக் கணக்கெடுப்புக்கு) முன் பத்து நிமிடம் வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்து எதையாவது கற்பனை செய்ய முயன்றேன். இரண்டு வாரங்களில் தாளில் விழுந்தது மளிகைக் கணக்கு மட்டுமே.

பிறகு, எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்கினேன். செம்பனைப் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டு இந்நாட்டுக்கு உரியதன்று. அது 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் ஆட்களே கையால் மகரந்தம் தூவினர். கப்பலேறி வந்த நம் முன்னோரைப் போல இந்த மண்ணில் முதன்முதலாக இறங்கிய அந்த வண்டு யாரிடம் வழி கேட்டிருக்கும் என்று என்னையே கேட்டுக்கொண்டதும், பேனா நிற்கவில்லை. (வண்டுகளுக்கும் ஒரு கங்காணி வாய்த்தான் என்பது என் சொந்தச் சரக்கு.)

இந்தக் கற்பனைப் பழக்கத்தின் பயன் அலுவலகத்திலும் தெரிந்தது: மழைக்காலத்தில் எந்தத் தீம்பாரின் (தோட்டப் பகுதியின்) பாதை முதலில் சேறாகும் என்பதை மனத்துக்குள் நடந்து பார்த்தே லோரிகளை அனுப்புகிறேன்.

வண்டின் கதை இப்போது பதினோராம் இரவில் நிற்கிறது. கங்காணியை இன்னும் நல்லவனாக்கவில்லை என்று பேத்திக்கு என்மேல் கோபம்.