பதின்மூன்று குணங்கள், ஒரு கட்டம் போட்ட நோட்டு: மூசார் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

குணத்தைத் திருத்திக்கொள்வதற்கென்றே யூத மரபில் ஒரு தனிப் பயிற்சி இருக்கிறது. அதற்கு மூசார் என்று பெயர். முன்கோபத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன காலத்தில் இது எனக்குக் கிடைத்தது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்த நேரத்தில், யார் மேல், எந்த வார்த்தையாக வெளியே வருகிறது என்பது இப்போது தெரிகிறது. அது தெரிந்ததே பாதி வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். யூத மத அறிமுகத்துக்குள் போகவில்லை, நேராகப் பயிற்சிக்கு வந்துவிடலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய உக்ரைனில் இருக்கும் சத்தனாவ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ராபி (யூத மத குரு) மெனாஹெம் மெண்டல் லெஃபின். 1808-இல் லெம்பெர்க் நகரில், அதாவது இன்றைய லிவிவில், 'ஹெஷ்போன் ஹாநெஃபெஷ்' என்ற நூலை வெளியிட்டார். ஆன்மாவின் கணக்கு என்று பொருள். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார்: பதின்மூன்று நற்குணங்கள், வாரத்துக்கு ஒன்று, தவறினால் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. லெஃபின் அதை எடுத்து யூத வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். பிறகு 1840களில் வில்னாவில், அதாவது இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸில், இருந்த ராபி இஸ்ரேல் சலாண்டர் இந்த நூலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். மூசார் இயக்கம் என்று பின்னால் பெயர் பெற்றது அவரிடமிருந்து கிளைத்ததுதான்.

1. நோட்டு

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மேலே ஏழு நாட்கள், இடது ஓரத்தில் குணங்களின் பெயர். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். பழக்கங்களைக் கணக்கு வைக்கப் போனில் எத்தனையோ ஆப் இருக்கின்றன. எனக்கு அவை வேண்டவே வேண்டாம். கணக்கு எழுதப் போனைத் திறந்தால் வாட்ஸ்ஆப்பில்தான் போய் நிற்போம். இன்னொரு காரணமும் உண்டு. ஆப் உங்களைப் பாராட்டும், பதக்கம் கொடுக்கும். இந்தப் பயிற்சியில் பதக்கத்துக்கு இடமே இல்லை.

மூல நூல்களைப் படிக்க சேஃபாரியா என்ற இலவச இணையதளம் இருக்கிறது. யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவும், யூத அறிஞர் மைமோனிடிஸின் நூல்களும் ஆங்கில மொழிபெயர்ப்போடு அங்கே கிடைக்கும்.

2. குணங்கள்

லெஃபினின் பட்டியல் இது: மன அமைதி, பொறுமை, ஒழுங்கு, தீர்மானம், தூய்மை, பணிவு, நீதி, சிக்கனம், சுறுசுறுப்பு, மௌனம், சாந்தம், உண்மை, புலனடக்கம். வாரத்துக்கு ஒன்று வீதம் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். நான்கு சுற்றில் ஒரு வருடம். பொறுமையில் நீங்கள் தேறிவிட்டீர்களா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. வாரம் முடிந்ததும் அடுத்த குணத்துக்குப் போகிறீர்கள். மூன்று மாதம் கழித்து பொறுமை தானாகத் திரும்பி வரும்.

எதில் தொடங்குவது? பணிவில் தொடங்கச் சொல்கிறவர்கள் பலர். என் கருத்து வேறு. வீட்டில் இருப்பவர்கள் உங்களிடம் எதைப் பற்றி அடிக்கடி குறைப்படுகிறார்களோ, அதுதான் முதல் வாரம். தெரியாவிட்டால் அவர்களிடமே கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். இரண்டாவது வாரம் ஒழுங்கு. லிதுவேனியாவில் கெல்ம் என்ற ஊரில் பள்ளி நடத்திய ராபி சிம்ஹா ஜிஸல், ஒழுங்கை முத்துமாலையின் கொக்கியோடு ஒப்பிட்டார் என்பார்கள். கொக்கி முத்தல்ல, ஆனால் அது விட்டுப்போனால் எல்லா முத்தும் சிதறிவிடும். இரவு நோட்டைத் தேடி எடுக்கவே முடியாதவருக்கு மற்ற பன்னிரண்டு குணங்களும் கைக்கு வராது.

3. காலை வாசகம்

அந்த வாரத்துக் குணத்துக்கு ஒரு சிறு வாசகம் வேண்டும். காலையில் எழுந்ததும் அதை வாய்விட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் போதாதா என்று தோன்றும். போதாது. அறிவுக்குத் தெரிந்த ஒன்று உள்ளத்தில் இறங்க வேண்டுமானால் உதடு அசைய வேண்டும், குரலில் உணர்ச்சி ஏற வேண்டும் என்பதில் சலாண்டர் உறுதியாக இருந்தார். நீதிநூல்களை ராகம் போட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்.

வாசகத்துக்கு எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எபிரேய வேதத்தின் நீதிமொழிகள் தமிழ் பைபிளிலேயே இருக்கின்றன. பொறுமை வாரத்துக்கு நான் வைத்திருப்பது, "பலவானைப்பார்க்கிலும் நீடிய சாந்தமுள்ளவன் உத்தமன்." சாந்த வாரத்துக்கு, "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." பழைய நடைதான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல அந்த நடை மிகவும் பொருந்துகிறது. மௌன வாரத்துக்கு லெஃபின் சொல்வதையே வைத்துக்கொள்ளலாம்: வாயைத் திறக்கும் முன், இந்தப் பேச்சால் எனக்கோ பிறருக்கோ என்ன நன்மை என்று யோசி.

4. சிறு செயல்

வாசகம் மட்டும் போதாது, தினமும் ஒரு செயலும் வேண்டும். அது எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் இதை அழகாக விளக்குகிறார். ஒருவனிடம் ஆயிரம் பொற்காசு இருக்கிறது. அதை ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவையும் கொடுக்கலாம். இரண்டாவதில்தான் கொடுக்கும் குணம் கைக்குப் படியும் என்கிறார். தொகை ஒன்றுதான், ஆனால் கை ஆயிரம் முறை திறக்கிறது.

'இனி கோபப்பட மாட்டேன்' என்பது செயல் ஆகாது. என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சமையலறையிலிருந்து கேட்பார், நான் கூடத்திலிருந்து பதில் சொல்வேன், அவருக்குக் கேட்காது, மறுபடி கேட்பார். மூன்றாம் தடவை என் குரல் ஏறிவிடும். பொறுமை வாரத்தில் நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்: அம்மா இரண்டாம் தடவை கேட்டால், எழுந்து போய் முகத்துக்கு நேராக நின்று பதில் சொல்வது. சில எட்டுதான். அந்த நடையிலேயே குரல் இறங்கிவிடுகிறது. அம்மாவுக்கு என் உதட்டசைவும் தெரிவதால் மூன்றாம் தடவை கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

5. இரவுப் புள்ளி

நான் நெடுநாள் தேங்கி நின்ற இடம் இதுதான். என்னோடு தொடங்கிய பலரும் இங்கேதான் நோட்டை மூடி வைத்தார்கள்.

கேள்வி எளிது: எதற்குப் புள்ளி வைப்பது? அலுவலகத்தில் ஒருவர் மேல் எரிச்சல் வந்தது, ஆனால் எதுவும் சொல்லவில்லை. புள்ளி உண்டா? கத்தினேன், ஆனால் நியாயமான காரணம் இருந்தது. புள்ளி உண்டா? நினைப்புக்கெல்லாம் புள்ளி வைக்கப் போனால் பக்கம் முழுக்கக் கறுத்துவிடும், இரண்டு வாரத்தில் மனம் வெறுத்துவிடும். நியாயம் பார்க்கத் தொடங்கினால் பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், எந்தப் பயனும் இருக்காது.

இதற்கு நான் வைத்துக்கொண்ட விதி: பக்கத்தில் இருந்த ஒருவர் பார்த்திருக்கக்கூடியது, கேட்டிருக்கக்கூடியது எதுவோ, அதற்கு மட்டும் புள்ளி. உள்ளே எழுந்த எரிச்சலுக்குப் புள்ளி கிடையாது. ஏறிய குரலுக்கு உண்டு. படார் என்று சாத்திய கதவுக்கு உண்டு. பதில் சொல்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்ததற்கும் உண்டு. காரணம் நியாயமா இல்லையா என்பதை அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம். புள்ளி தண்டனை அல்ல, வெறும் கணக்கு. மனிதனுக்குள் அறிவுள்ள ஆன்மா ஒன்றும் விலங்கியல்பான ஆன்மா ஒன்றும் இருப்பதாகவும், இரண்டாவதைப் பழக்கத்தால்தான் வழிக்குக் கொண்டுவர முடியும் என்றும் லெஃபின் சொல்கிறார். பழக்குவதற்கு வசவு உதவாது, தினமும் விடாமல் பார்ப்பதுதான் உதவும்.

அந்த வாரத்துக் குணத்துக்கு மட்டும் முழுக் கவனம் கொடுங்கள். மற்ற வரிகளில் பெரிய சறுக்கல் இருந்தால் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். இது மூல நூல் சொல்வதல்ல, என் பரிந்துரை. ஒரு சுற்று முடிந்து திருப்பிப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குவிந்திருக்கும். எனக்கு மாலை ஏழிலிருந்து எட்டு, பசி நேரம். அதைக் கண்டுபிடித்த பிறகு வீட்டுக்கு வந்ததும் முதலில் ஏதாவது சாப்பிடுகிறேன், அப்புறம்தான் பேச்சு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாத்திரம் தேய்ப்பது யார்? சலாண்டரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன் சடங்காகக் கை கழுவும்போது தாராளமாகத் தண்ணீர் விடுவது சிறப்பு. அவரோ சட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் சொட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீரைக் கிணற்றிலிருந்து சுமந்து வருவது வேலைக்காரப் பெண், அவள் தோளில் ஏறி நான் புண்ணியம் தேடக் கூடாது என்றாராம். வீட்டு வேலை முடிந்த பிறகு நோட்டைத் திறங்கள்.

6. புள்ளிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தால்

கடுஞ்சொல் ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால் நோட்டில் குறித்ததோடு கணக்கு முடிந்துவிடாது. மிஷ்னாவில் யோமா என்ற பகுதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான தவறுகளை யோம் கிப்பூர் நாள் போக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானவற்றை, அவரைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் போக்காது. ஆண்டின் மிகப் புனிதமான நாளுக்கே இல்லாத சலுகை நம் நோட்டுக்கு எப்படிக் கிடைக்கும்?

ஆகவே மறுநாளே அவரிடம் போங்கள். 'அப்படிப் பேசியது தப்பு' என்று மட்டும் சொல்லுங்கள், 'ஆனால்' என்று தொடராதீர்கள். அவர் மன்னிக்காவிட்டால் மறுபடி போகச் சொல்கிறார் மைமோனிடிஸ், மூன்று தடவை வரை. போய் வந்த பிறகு அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறேன். வட்டமில்லாத புள்ளி எதுவும் அடுத்த சுற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்கு முக்கியமானது.

7. துணை

யூத மரபில் ஹவ்ரூதா என்று ஒரு வழக்கம் உண்டு: இரண்டு பேர் சேர்ந்து படிப்பது. வாரம் ஒருமுறை உங்கள் பக்கத்தை ஒரு நண்பரிடம் காட்டுங்கள். கணவனோ மனைவியோ வேண்டாம், புள்ளிகளில் பாதி அவர்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பின்சேர்க்கை

இதை முதலில் வெளியிட்ட பிறகு வாசகர்கள் கேட்ட மூன்று விஷயங்களையும் சேர்க்கிறேன்.

யூதர் அல்லாதவர் செய்யலாமா? நான் யூதரல்ல, செய்கிறேன். ஆனால் இதை யூத மரபிலிருந்து எடுத்தது என்று சொல்லியே செய்யுங்கள். பெயரை அழித்துவிட்டுப் பொதுவான தன்முன்னேற்ற உத்தியாக மாற்றிவிட்டால், ஆறாம் படிதான் முதலில் காணாமல் போகும்.

'எனக்குக் கோபமே வராது, யாருக்கும் மறுப்புச் சொல்ல முடியாததுதான் என் பிரச்சினை' என்று ஒருவர் எழுதியிருந்தார். மைமோனிடிஸ் பெரும்பாலான குணங்களுக்கு நடுவழியைத்தான் சொல்கிறார். ஒரு பக்கம் சாய்ந்தவர் கொஞ்ச காலம் எதிர்ப்பக்கம் போய்விட்டு நடுவுக்குத் திரும்ப வேண்டும். கோபத்துக்கும் கர்வத்துக்கும் மட்டும் நடுவழி இல்லை, அவற்றிலிருந்து முடிந்தவரை விலகியே இருக்கச் சொல்கிறார். ஆகவே உங்கள் தீர்மான வாரத்துக்குச் சிறு செயல்: நாளுக்கு ஒரு தடவை, 'இன்று முடியாது' என்று சொல்வது.

மூன்றாவது, சனிக்கிழமைக் கட்டம். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை ஷப்பாத் ஓய்வு நாள். அதைக் கடைப்பிடிப்பவர்கள் அப்போது எழுத மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கை விளக்கேற்றும் முன்பே எழுதிவிட்டு, சனிக்கிழமையுடையதை இருட்டிய பிறகு எழுதலாம். நானும் அப்படியே செய்கிறேன். வாரம் ஞாயிறில் தொடங்குவதால், சனி இரவு அந்தப் பக்கத்தை முடித்த கையோடு புதுப் பக்கத்தில் அடுத்த குணத்தின் பெயரை எழுதிவிடலாம்.